நிலத்துக்குள் போன நெருப்பு

ஆக்லாந்து,
22 மார்ச் 1998

அன்புள்ள தண்டபாணி அண்ணனுக்கு,

தங்கை திலகா வணக்கத்துடன் எழுதுவது. நானும் இவரும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். மனதுக்குத்தான் சுகமில்லை. போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். அண்ணிக்கும் படித்துக் காட்டுங்கள்.

பிப்ரவரி கடைசியில் நகர மையம் முழுவதும் கரண்ட் போய், இவருடைய ஆபீஸை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் வேலிச் செடிகளை வெட்டினார். வெட்டிய கிளைகளைக் கொல்லையில் குவித்துக் கொளுத்தினோம். தீக்குச்சி கிழித்தது நான். மழையே இல்லாத கோடை. நெருப்பு மூட்டத் தடை இருந்தது. சின்னக் குவியல்தானே என்று நினைத்துவிட்டோம். பிறகு நான்கு வாளி தண்ணீர் ஊற்றினோம். சாம்பலைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது.

எங்கள் வீடு புக்கெகோஹி போகும் வழியில் இருக்கிறது. அடியில் இருப்பது, மலேசியாவில் நம் பொந்தியானில் காம்புட் என்போமே, அதே கரிமண்; காய்ந்தால் மண்ணே தீப்பிடிக்கும். நெருப்பு அதற்குள் இறங்கியிருக்கிறது. புகை இல்லை, வாசம் இல்லை. பன்னிரண்டு நாள் மண்ணுக்கடியில் நகர்ந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

அங்கே இருப்பவள் சுகந்தினி, யாழ்ப்பாணத்துப் பெண். துணி காயப்போட வந்தவளின் காலடியில் புல்தரை அப்படியே உள்ளே போனது. வலது கால் முழங்கால் வரை தணலில். அந்த அலறல் கேட்டு முதலில் ஓடியது நான்தான் அண்ணா. அவளை இழுக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, நிலத்துக்கை நெருப்பு எப்பிடி வந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லையாம். நீங்களும் உங்கட வளவிலை பாத்து நடவுங்கோ." நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வேலை போய்விடும், விசா போய்விடும் என்று இவர் பயந்தார். எனக்கும் பயம்தான்.

போன புதன்கிழமை பள்ளி மண்டபத்தில் தீயணைப்பு அதிகாரி ஊர்க் கூட்டம் போட்டார். காய்ந்த கரிமண் கட்டி ஒன்றின் ஓரத்தைத் தீயில் காட்டி, மேலே தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் வழிந்து போனது. கட்டியை உடைத்தார், உள்ளே சிவப்பாகக் கனன்றது. இந்தக் கோடையில் யாராவது எதையாவது எரித்திருந்தால் சொல்லுங்கள், இடம் தெரிந்தால்தான் அணைக்க முடியும் என்றார். யாரும் அசையவில்லை. இவர் என் மணிக்கட்டை அழுத்தி, "வேணாம் திலகா" என்றார். நான் எழுந்து, நாங்கள்தான் எரித்தோம் என்று சொன்னேன்.

பிறகு பின்னாலிருந்து காய்கறி பயிரிடும் ரவிசங்கர் எழுந்தார். ஜனவரியில் வெங்காயத் தாளை வீட்டுச் சுவரோரம் எரித்தாராம். உடனே தீயணைப்புக்காரர்கள் அங்கே போய் மண்ணுக்குள் கம்பியை இறக்கிப் பார்த்தார்கள். கம்பி தொட முடியாமல் சுட்டது. அந்தச் சுவருக்கு உள்பக்கம் அவர் பிள்ளைகள் தூங்கும் அறை. இரண்டு நாள் பள்ளம் தோண்டித் தண்ணீர் விட்டு அணைத்தார்கள். இப்போது அதிகாரியோடு நானும் வீடு வீடாகப் போய், நம்மவர்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

கூட்டத்துக்கு மறுநாளே சுகந்தினியிடமும் போய்ச் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் மேல் என்ன நடவடிக்கை வரும் என்று இன்னும் தெரியாது.

அண்ணா, பங்குனி உத்திரம் முடிந்ததும் அன்னாசிக் கட்டைகளை எரிக்கப் போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம் என்றதற்கு, முப்பது வருசமா எரிக்கிறோம், நீ அங்கே உட்கார்ந்துகொண்டு பயப்படாதே என்று சிரித்தீர்கள். இந்த வருடம் அங்கேயும் மழை இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைப் படியுங்கள். என் பெயரைச் சொல்லியே படியுங்கள், எனக்கு வெட்கமில்லை.

ஏற்கெனவே கொளுத்தியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அண்ணியை அந்தப் பக்கம் நடக்க விடாதீர்கள். நீங்களும் போகாதீர்கள் அண்ணா.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
திலகா