தழையை மோந்து பார்க்காத ஆடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவையும் சேர்த்துத்தான். அங்கே நீயும் உன் ஆராய்ச்சிக்கூடத்து ஆடுகளும் நலமாயிருக்க வேண்டும். அப்பாவை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று பதறாதே, கண்டம் தாண்டியாயிற்று, அதனால்தான் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

போன வாரம் பட்டறையில் அலமாரிக்குச் சட்டம் செதுக்கும்போது உளி வழுக்கிக் கெண்டைக்காலைக் கீறிவிட்டது. ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி இழைப்புளியைப் பிடித்துவிட்டார், என்னிடம் மூச்சு விடவில்லை. கால் வீங்கி நொண்ட ஆரம்பித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. டாக்டரிடம் போகலாம் என்றால் தெர்மாமீட்டரை வாயில் வைத்து எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார், காய்ச்சலே இல்லையாம், வெறும் சதைப்பிடிப்பாம். நானும் அதை நம்பி அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆனால் அன்று மத்தியானம் தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. கூரையே இடிந்து விழுந்தாலும் சாப்பிட்டுவிட்டு எழுகிற மனுஷன்! அப்போதுதான் நீ போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. கிருமியின் நஞ்சை ஊசியில் ஏற்றி ஆட்டுக்குக் காய்ச்சல் வரவழைத்து, அப்புறம் வீக்கம் வற்றுகிற மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறோம் என்றாயே, "காய்ச்சல் இறங்கிடுதும்மா, ஆனா ஆடு தழைய மோந்துகூடப் பார்க்க மாட்டேங்குது" என்று. ஆட்டுக்குக் காய்ச்சல் வரவைக்கவா இவ்வளவு படித்தாள் என்று அப்பாகூடக் கிண்டல் செய்தாரே. உடனே அவர் சட்டைப் பையைத் துழாவினேன். முட்டிவலிக்கு வாங்கி வைத்த மாத்திரை அட்டை முக்கால்வாசி காலி, அதுவும் வீக்கம் வற்றுகிற மருந்துதானே. வலி தெரியாமல் வேலை பார்க்க அதைத்தான் வேளாவேளைக்கு விழுங்கியிருக்கிறார்.

வண்டி பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். துணியைப் பிரித்ததும் டாக்டர் முகம் மாறிவிட்டது. உள்ளே சீழ் பிடித்து, நஞ்சு ரத்தத்தில் இறங்கத் தொடங்கியிருந்ததாம். "மாத்திரை காய்ச்சலத்தான் மறைச்சிருக்கு, கிருமி அதுபாட்டுக்கு உள்ள வேலை பார்த்திருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்தாயிருக்கும்" என்றார். கீறிச் சுத்தம் செய்து, கிருமியைக் கொல்லும் மருந்தை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், உன்னிடம் அதை மறைப்பானேன். நேற்று வீட்டுக்கு வந்தாயிற்று. தன் தட்டை வழித்துவிட்டு என் தட்டையும் நோட்டம் விடுகிறார். ஆடு மேய ஆரம்பித்துவிட்டது என்று மகளுக்கு எழுது என்கிறார், கிண்டல் செய்ததற்கு அதுதான் மன்னிப்பு போலிருக்கிறது.

நீயும் தலைவலிக்குக் கண்ட மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆராய்ச்சிக்கூடமே கதி என்று கிடக்காதே. போன் எடுத்தால் சாப்பிட்டியா என்பதைத் தவிர வேறு கேள்வியே தெரியாதா என்று சலித்துக்கொள்வாயே, இனி சலித்துக்கொள்ளாதே. நல்லா இருக்கேன்மா என்று நீ சொல்வதும் அப்பாவின் தெர்மாமீட்டரும் எனக்கு ஒன்றுதான். என்ன சாப்பிட்டாய், எவ்வளவு சாப்பிட்டாய் என்றுதான் கேட்பேன்.

நோய்நொடி அண்டாமல் நன்றாக இரு, கண்ணு. இதை மடித்து வைத்துவிட்டு முதலில் போய்ச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா