பேஸில் பாராட்டிய பீப்பாய்

கென்ட்,
ஆகஸ்ட் 16

அன்பு மகள் ரோவீனாவுக்கு,

நானும் உன் அம்மாவும் இங்கே சுகம் என்று எழுதினால் அதில் முக்கால் பங்கு உண்மை, மீதிக் கால் பங்குக்காகத்தான் இந்தக் கடிதம். அங்கே நியூசிலாந்தில் நீயும் கீரனும் குழந்தை வில்ஃபும் சுகம் என்று ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசி முடித்ததும் உன் அம்மா எனக்கு ஒப்பித்தாள், அவனுக்கு முதல் பல் எட்டிப் பார்க்கிறதாம், உங்கள் இருவரையும் தூங்க விடுவதில்லையாம். நீயும் அப்படித்தான் இருந்தாய், அதனால் உன்மேல் எனக்கு இரக்கம் கொஞ்சம் குறைவுதான். இங்கே இந்த வருஷம் மழை குறைவு, பீன்ஸ் கொடி பாதியில் நின்றுவிட்டது, கொட்டகைக் கூரையில் இரண்டு ஓடு நழுவியிருக்கிறது, நான் ஏணியில் ஏறக் கூடாது என்று உன் அம்மா ஏணியையே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். போனில் பேசாமல் இவர் ஏன் பேனாவை எடுத்தார் என்று நீ யோசிப்பாய். போனில் நீ, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்பாய், உடனே நான் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். ஐந்தாறு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி நம் ஊர் தேவாலயத்தில் வில்ஃபுக்கு ஞானஸ்நானம் முடிந்ததும் தோட்டத்தில் எல்லோரும் அவன் பேரைச் சொல்லி ஆளுக்கொரு கோப்பை குடிப்பது என்று முடிவு செய்தோம் அல்லவா, அதற்கு, “பப்ல வாங்குறதெல்லாம் வேணாம்பா, நீங்க காய்ச்சுற பிட்டர் பீர்தான் வேணும், ஹாப் பூ வாசம் தூக்கலா இருக்கணும், கீரன் வீட்டாளுங்க ஒருதரம் குடிச்சுப் பார்க்கட்டும்” என்று ஜூன் மாதம் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வாசம் தெரிவதில்லை. பிப்ரவரியில் பத்து நாள் காய்ச்சலும் சளியுமாகப் படுத்துக் கிடந்தேனே, சளி போனது, வாசத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூக்கு அதே இடத்தில்தான் இருக்கிறது, முன்னைவிடக் கொஞ்சம் சிவப்பாகக்கூட இருக்கிறது, ஆனால் காப்பி, சோப்பு, நனைந்த நாய் எல்லாம் எனக்கு ஒன்றுதான். நாக்கில் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு மட்டும் மிச்சம். அதனால் பிட்டர் குடித்தால் கசப்பு அப்படியே இருக்கிறது, மற்றதெல்லாம் காணோம். இன்று வரும் நாளை வரும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன், அதுதான் நான் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பு பெரியது. மே மாதம் நம் கிரிக்கெட் கிளப்பின் முதல் ஆட்டத்துக்கு வருஷா வருஷம் நான்தான் ஒரு பீப்பாய் கொடுப்பேன், இந்தத் தடவையும் ஏப்ரலில் காய்ச்சினேன். முளைகட்டிய பார்லி மால்ட்டை ஊறப்போட்டது, வடித்தது, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டது எல்லாம் கடிகாரத்தையும் வெப்பமானியையும் பார்த்துச் செய்கிற வேலை, அதில் குறையில்லை. கடைசியில் வாசத்துக்குப் போடும் ஹாப் இருக்கிறதே, அதற்குக் கடிகாரம் உதவாது. காய்ந்த பூவில் நாலைந்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, கையைக் குவித்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பானையில் போட வேண்டும். நானும் கசக்கினேன், மூக்கில் வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை, தெரிந்த மாதிரி எனக்கு நானே தலையாட்டிக்கொண்டு போட்டுவிட்டேன். கொட்டகையில் யாரும் இல்லை ரோவீனா, யாருக்காகத் தலையாட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. எடுத்த பை போன அறுவடையின் கோல்டிங் ஹாப் இல்லை, பாய்லருக்குப் பின்னால் விழுந்து இரண்டு வருஷமாகச் சூட்டில் வாய் திறந்து கிடந்த பை. ஹாப் கெட்டால் எப்படி நாறும் என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீயே ஒரு பையை முகர்ந்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாய். பீப்பாய்க்குள் தனியாக ஒரு கைப்பிடி போட வேண்டுமே, அதையும் அதே பையிலிருந்து தாராளமாகப் போட்டேன்.

ஆட்டத்தன்று தேநீர் இடைவேளைக்குப் பிறகு பீப்பாயைத் திறந்தேன். நிறம் பழைய செம்புக் காசு மாதிரி, தெளிவு கண்ணாடி மாதிரி, எனக்கு ஒரே பெருமை. எல்லோரும் வாங்கிக் குடித்தார்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், பாதிரியார் இதில் ஒரு தனித்தன்மை இருக்கிறது என்றார், கோப்பையோடு ஒவ்வொருவராக வேலிப் பக்கம் நடந்து போனதை நான் காற்று வாங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு பேஸில் வந்தான். பக்கத்து வீட்டு பேஸில் முப்பத்தொரு வருஷமாக நான் திறக்கும் ஒவ்வொரு பீப்பாயிலும் ஒரு கோப்பை குடித்துவிட்டு என்னைத் திட்டாமல் போனதில்லை. “பாத்திரம் கழுவுன தண்ணிய எதுக்குடா பீப்பாயில ஊத்தி வெச்சிருக்க” என்பான், பரிசு வாங்கிய வருஷம்கூட, “நடுவருக்கு ஜலதோஷம் போல” என்றான். அவன் காய்ச்சியதைக் குடித்துவிட்டு நானும் அப்படித்தான் சொல்வேன். காய்ச்சுகிறவர்களுக்குள் அதுதான் மரியாதை, நல்ல வார்த்தை எல்லாம் வெளியூர்க்காரருக்கும் படுத்த படுக்கையாய்க் கிடப்பவருக்கும். அந்த பேஸில் ஒரு கோப்பையை நின்ற இடத்தில் முழுசாகக் குடித்து முடித்து, இன்னொன்று வாங்கிக் குடித்து, மூன்றாவதையும் குடித்துவிட்டு, என் தோளில் கையை வைத்து, “ரொம்ப நல்லா இருக்கு ரோலண்ட்” என்றான். அப்போதே பீப்பாயின் குழாயை மூடிவிட்டேன்.

மறுநாள் காலை அவன் பூசணிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது போய் நின்று, உண்மையைச் சொல் என்றேன். அவன் குழாயை நிறுத்தவே இல்லை. “நாறுச்சுடா. மழையில நனைஞ்ச சாக்ஸ பாலாடைக்கட்டியோட சேர்த்து ஊறவெச்ச மாதிரி இருந்துச்சு. பதினோரு பேரும் வேலியோரம் போய்க் கொட்டினாங்க, அந்த இடத்துல இனி புல்லு முளைக்குமான்னு தெரியல” என்றான். அப்புறம் நீ எதற்கு மூன்று கோப்பை குடித்தாய் என்று கேட்டேன். “கொட்டினா நீ பார்த்துருவியே. அந்த நாத்தத்த மோந்து பார்த்துட்டும் நீ பெருமையா நிக்குற, இவனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சேன். மூளையில ஏதாச்சும்னு. எனக்கு வேற யாருடா இருக்கா திட்டுறதுக்கு” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். பூசணி ஏற்கெனவே மூழ்கிப் போயிருந்தது, அதற்கு மேலும் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். ஏதோ பெரிய ரகசியத்தை உடைக்கிற மாதிரி உட்கார வைத்துச் சொன்னேன். அவள் பின்னிக்கொண்டிருந்த கம்பளியைக் கீழேகூட வைக்கவில்லை. “மார்ச் மாசமே தெரியும். எதிர் வயல்ல பன்னிச் சாணி அடிச்சாங்களே, ஊரே கதவ அடைச்சுக்கிட்டு உள்ள கெடந்துச்சு, நீ ஜன்னலத் திறந்து வெச்சுக்கிட்டுப் பேப்பர் படிச்ச” என்றாள். அன்றைக்கே போய் எரிவாயு கசிந்தால் கத்துகிற கருவி வாங்கி அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறாள், நான் அதைப் புகைக்கு என்று நினைத்திருந்தேன். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றதற்கு, “நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நான் கேட்டா இல்லேன்னு சொல்லிருப்ப, அப்புறம் அந்தப் பொய்ய வேற நீ காப்பாத்திக்கிட்டு இருக்கணும்” என்றாள். நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தால் இதுதான் சங்கடம். மருத்துவரிடமும் கூட்டிக்கொண்டு போனாள், அவர் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார், அந்தப் பதிலைப் பேஸிலே சொல்லியிருப்பான்.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. முதுகு வலிக்கிறது, இந்தத் தடவை பப்பில் வாங்கிக்கொள்ளலாம் என்று உனக்கு ஒரு பதில் எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். உன் அம்மா தபால்தலை எடுத்து வந்தாள், உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தபால்தலையை மறுபடி டப்பாவில் போட்டுவிட்டாள். “நீ காய்ச்சு, நான் மோந்து சொல்றேன்” என்றாள். நான் மூன்று நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. பிட்டர் என்றால் ஆஸ்பிரின் கரைத்த தண்ணீர் என்று சொல்கிறவள், பப்புக்கு வந்தால் இஞ்சிச் சாறு குடிக்கிறவள், அவள் வந்து எனக்கு ஹாப் பார்த்துச் சொல்வதா என்று எரிச்சல். உண்மையில் எரிச்சல் இல்லை, பயம். அவள் சொல்லி நான் போட்டால் அது என் பீரா என்று பயம். நீயும் பயந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய், அது என்னிடமிருந்து வந்தது, கீரனிடம் சொல்லி வை.

போன சனிக்கிழமை காய்ச்சினோம். கையில் இருந்த நாலு பை ஹாப்பையும் மேஜையில் வைத்தேன், நான் கசக்கிக் கொடுக்க அவள் முகர்ந்து பார்த்தாள். ஒன்றை, “உன் பெரியம்மாவோட கைப்பை” என்று தள்ளினாள். இன்னொன்று ஈர அட்டைப்பெட்டியாம். மூன்றாவதில் நின்றுவிட்டாள், கண்ணை மூடிக்கொண்டு, “ஆரஞ்சுத் தோல், நகத்தால கீறுனதும் வருமே அது. அடியில கொஞ்சம் தேன். வெட்டிப் போட்ட புல்லு, அன்னைக்கு இல்ல, மறுநாள்” என்றாள். முப்பது வருஷத்துக்கு மேலாகக் காய்ச்சுகிற எனக்கு அந்த மறுநாள் என்பது தோன்றியதே இல்லை. கடைசி ஹாப் போடும் நேரத்தில் முக்காலியில் ஏறி நின்று ஆவியில் முகத்தை நீட்டிக்கொண்டு, மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட, “இன்னும் இல்ல, இன்னும் இல்ல, இப்பப் போடு” என்று எனக்கு உத்தரவு போட்டாள். போட்டேன். பிறகு ஓடு நழுவியதைப் பார்க்கப் போகிறேன் என்று வெளியே போய்க் கொட்டகைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் அழுதேன். உள்ளே அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது எனக்குக் கிடைக்கவில்லை என்ற பொறாமைதான், வேறொன்றும் இல்லை. திரும்பி வந்தபோது எனக்குத் தேநீர் போட்டு வைத்திருந்தாள், ஓடு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

முப்பத்தாறு பைண்ட் பிடிக்கும் சின்னப் பீப்பாய் இரண்டு நிரம்பும், ஈஸ்ட் நன்றாகப் பொங்கி வேலையை முடித்துவிட்டது, வரும் செவ்வாய்க்கிழமை பீப்பாயில் இறக்கி மூன்றாவது பையிலிருந்து ஆளுக்கொரு கைப்பிடி போடுவோம். எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, இப்படி உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. பேஸிலுக்கு இதுவரை ஒரு சொட்டுகூடக் காட்டவில்லை. உனக்கு நம்பிக்கை இல்லை என்றால் பப்பில் சொல்லிவைக்க இன்னும் நாள் இருக்கிறது, நான் தப்பாக நினைக்க மாட்டேன். கொஞ்சம் நினைப்பேன், ஆனால் வெளியே காட்ட மாட்டேன். வரும்போது உங்கள் ஊர் ஹாப் எதுவும் தூக்கிக்கொண்டு வராதே, அதில் ஒரே பழ வாசம், பழச்சாறில் போட்டுக்கொள்ளட்டும். விமானத்தில் குழந்தைக்குக் காது அடைக்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடு. இங்கே செப்டம்பர் மாலையில் குளிர ஆரம்பித்துவிடும், நீ மறந்திருப்பாய், கம்பளிச் சட்டை இருக்கட்டும்.

பீர் விஷயம் இவ்வளவுதான், அது இல்லாவிட்டாலும் ஞானஸ்நானம் நடக்கும். உன் அம்மாவிடமும் பேஸிலிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ பிறந்த அன்று நர்ஸ் உன்னைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்ததும் முதல் வேலையாக உன் உச்சந்தலையை முகர்ந்து பார்த்தேன், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகக் குனிந்துவிட்டேன். அது என்ன வாசம் என்று இன்றுவரை யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, ஆனால் இவள் என் பிள்ளை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது, அதுவரை பயந்துபோய் நின்றேன். செப்டம்பரில் விமான நிலையத்தில் நீ வில்ஃபை என் கையில் கொடுப்பாய், நானும் குனிவேன், எனக்கு ஒன்றும் வராது. பிப்ரவரியிலிருந்து எனக்கு இருக்கிற பயம் எல்லாம் இதுதான்.

நீயும் கீரனும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நல்லபடியாக வந்து சேர வேண்டும், கடவுள் உங்கள் மூன்று பேருக்கும் துணை இருக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அவனை என் கையில் கொடுத்ததும் பெட்டியைத் தேடிப் போய்விடாமல் பக்கத்திலேயே நில். அவன் தலையை முகர்ந்து பார்த்து என்ன வாசம் என்று மெதுவாக எனக்குச் சொல், நான் அவனைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா
ரோலண்ட்