கழுவிய விரல்

ஆயகுச்சோ மலை,
டிசம்பர் 1989

அன்புத் தம்பி வலேரியோவுக்கு,

அக்கா சத்துர்னினா எழுதுவது. லிமாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாகப் படித்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு இருமல் விட்டபாடில்லை. உருளைக்கிழங்கு முளைத்திருக்கிறது, மழைதான் சண்டித்தனம் செய்கிறது.

போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, ஓட்டுப் போடுவதைச் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தினால்தான் மலை ஜனங்களை எவனாவது திரும்பிப் பார்ப்பான் என்று. அதை உன் அத்தான் ஹசின்தோவுக்குப் படித்துக் காட்டினேன். "படிச்ச பையன், சரியாத்தான் சொல்றான்" என்றார். நானும் இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிகிறவர்கள், மை வைத்த விரல் கையில் இருக்காது என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவிட்டார்கள். மறுவாரம் ராணுவம் வந்தது. வாக்காளர் அட்டையில் ஓட்டுப் போட்ட முத்திரை இல்லாதவன் அவர்கள் ஆள்தான் என்று சந்தையில் சொல்லிவிட்டுப் போனது. போனாலும் வம்பு, போகாவிட்டாலும் வம்பு. தேர்தலில் நின்றவர்களே பயந்து விலகிவிட்டார்கள், ஒரே ஒருவர்தான் மிச்சம்.

அத்தான் போனார். சீட்டில் ஒன்றும் குறிக்காமல் வெறுமனே மடித்துப் போட்டாராம். திரும்பும்போது ஓடையில் உட்கார்ந்து, எலுமிச்சையும் பிளீச்சிங் பவுடரும் வைத்துத் தோல் உரியத் தேய்த்து மையைப் போக்கிவிட்டார்.

பாலத்தில் அந்தக் காட்டு ஆட்கள் நின்றுகொண்டு ஒவ்வொருவர் கையாகப் பார்த்தார்கள். நம் ஆட்கள் கை உனக்குத் தெரியாதா, நகக்கண்ணெல்லாம் மண். அத்தானுக்கு அந்த ஒரு விரல் மட்டும் வெளுத்திருந்தது. உன் வயதுப் பெண் ஒருத்தி, "இந்த ஒத்த விரலை மட்டும் எதுக்கு மாமா கழுவினீங்க?" என்று கேட்டாளாம். மரியாதையாகத்தான் கேட்டாள் என்கிறார்.

அதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை. புண் ஆறி வருகிறது. அம்மாவிடம் கோடாலி பட்டுவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

போன வாரம் ராணுவத்தார் வந்து அட்டையைப் பார்த்தார்கள். முத்திரை இருந்தது. "நீதான்யா நல்ல பிரஜை" என்று முதுகில் தட்டினார்கள். கையில் போட்டிருந்த துணிக்கட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் போனபின் அத்தான், "இன்னும் ஒம்பது இருக்கே, ஒம்பது தேர்தலுக்குக் கவலையில்லடி" என்று சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஏப்ரலில் மறுபடியும் தேர்தலாம். உன் பெயர் இன்னும் இந்த ஊரில்தான் பதிந்திருக்கிறது. சட்டம், கடமை என்று கிளம்பிவிடாதே தம்பி. நீ கிளம்புகிற ஆள், எனக்குத் தெரியும். அபராதம் போட்டால் கட்டிவிடு. கையில் இல்லையென்றால் எழுது, கறுப்பு ஆட்டை விற்று அனுப்புகிறேன். உன்னைக் கண்ணால் பார்க்கணும் என்று அம்மா தினமும் புலம்புகிறாள். அவளே கூப்பிட்டாலும் வராதே.

நீ எங்கே இருந்தாலும் உன் பத்து விரலும் குறைவில்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்ளும்,

உன் அக்கா,
சத்துர்னினா