மேய் லான் கல்யாணத்தில் நான் அதிர்ஷ்டக்காரி

16 மார்ச் 1977, புதன்

எழுந்ததும் முதல் வேலை, ஜன்னல் இடுக்குகளில் திணித்திருந்த ஈரத் துணிகளை உருவி அலசியது. ராத்திரி முழுக்க மண்காற்று. வாளித் தண்ணீர் டீ நிறத்தில். அப்புறம்தான் அடுப்பு. பல்லிடுக்கில் இன்னும் நறநற.

பள்ளிக்கூடத்தில் பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். பம்பாய்க்காரி, சுற்றி வளைக்காமல் பேசுவார். ஏப்ரலில் ஒன்பதாம் வகுப்பு புதிதாகத் தொடங்குகிறார்களாம். கணக்கை முழுவதும் என்னிடம் கொடுக்கலாம் என்றிருந்தாராம். "ஆனால் நீங்கள் மே மாதம் ஊரோடு போகிறீர்களாமே. உங்கள் கணவரை ரோலா கடைத்தெருவில் பார்த்தேன், சொன்னார்." தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியவில்லை.

நான் ஊரோடு போகிறேன் என்பது எனக்குத் தெரிந்த விதம் இது.

சாயங்காலம் இவரிடம் கேட்டேன்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன் ராஜி."

"எப்போ?"

"நல்ல மூட்ல இருக்கறப்போ."

"யாரு நல்ல மூட்ல?"

ரேடியோவைத் திருகினார். கம்பெனியில் நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் ஆகிறதாம். திருச்சியில் இவர் தம்பிக்குத் தெரியும். தில்லைநகர் வீட்டுக்குப் பெயிண்ட் என்ன நிறம் என்பது வரை பேசியாகிவிட்டது. முட்டைகோஸ் வாங்கக் கீழே போனால், மளிகைக்கடை மலையாளிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. "சேச்சி நாட்டில் போகுவாணல்லே?" எல்லோருக்கும் ஆனபிறகு எனக்கு.

இன்னொன்று. இவர் கம்பெனி சைட் எஞ்சினியர் ஆலன், வெள்ளைக்காரப் பிள்ளை. அடுத்த வெள்ளி அவனுக்குக் கல்யாணம். பெண் மலேசியாச் சீனப் பெண், துபாயில் நர்ஸ். அம்மா இல்லை, அப்பா வர முடியாது. "என் மனைவி எல்லாம் பார்த்துக்குவான்னு சொல்லிட்டேன்." இதுவும் சொல்லியாகிவிட்டது.

தலைவலி. வெறும் ரசம்.

18 மார்ச், வெள்ளி

இதமான வெயில். தோட்டம் பார்க்க ஊருக்கு வெளியே தைத் வரை போனோம். கம்பெனிக்குப் பொறுப்பாளியான அரபி, கஃபீலின் பேரீச்சந்தோட்டம், கல்யாணத்துக்கு இரவல். போன மாத மழையில் வழியெல்லாம் மணல் மேல் பச்சைப் பூச்சு. ஆலனின் அம்மா மிஸஸ் கார்ட்டர் இங்கிலாந்திலிருந்து வந்து ஒரு வாரம். கிராமப்புறத்தில் வசந்தகாலக் கல்யாணம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். இந்த ஊரில் வசந்தம் என்றால் ஏ.சி. போடாமல் தூங்கும் கடைசி மூன்று வாரம்.

பெண் பேர் மேய் லான். காரில் ஏறியதும், "அக்கா, பசியாறியாச்சா?" தூக்கிவாரிப்போட்டது. ஈப்போ பக்கம் ரப்பர் தோட்டத்தில் அவள் அப்பாவுக்கு மளிகைக்கடை. வாடிக்கை முழுக்கத் தமிழாட்கள். என்னைவிட வேகமாகப் பேசுகிறாள், பாதி எனக்குத்தான் புரியவில்லை. சடக்கு சடக்கு என்றாள். ரோடாம்.

தேதி ஏன் இருபத்தைந்து என்பது காரில் தெரிந்தது. அப்பாவின் சீனப் பஞ்சாங்கத்தில் அதற்குப்பிறகு கல்லறைக்குப் போகும் நாட்கள் வருகின்றன, கல்யாணம் கூடாது. பாதிரியாருக்கோ இது தவக்காலம், இப்போது கூடாது. கான்சல் ஆபீசில் பதிவு முடிந்துவிட்டதால் ஆசீர்வாதம் மட்டும் செய்துவைக்கச் சம்மதித்திருக்கிறார், முகத்தைத் தூக்கிக்கொண்டு.

தோட்டத்தில் அடுத்த வம்பு.

"முழுப் பன்னி வேணும்க்கா, தலையோட. இல்லன்னா எங்கப்பா சொந்தக்காரங்களுக்கு மூஞ்சி காட்ட முடியாதுலா."

"இந்தத் தோட்டம் யாரோடதுன்னு தெரியுமில்ல? இங்க பன்னி பேரையே எடுக்கக் கூடாது."

"வெளிய சுட்டு, துணி போட்டு மூடிக் கொண்டாந்தா?"

"மேய் லான்."

காவல்காரப் பட்டாணியனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன தகராறு என்று அவன் கேட்க, ஆலன் தன் அரைகுறை ஹிந்தியில் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லித் தொலைத்தான். பட்டாணியன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். நான் குறுக்கே விழுந்து, ஆடுதான், பக்ரி, பக்ரி என்றேன். "பக்ரி? பக்ரி டீக் ஹை, பெஹன்ஜி." உட்கார்ந்தான். மேய் லானிடம் அரைமணி நேரம் வாதாடி ஆட்டுக்கு இறங்க வைத்தேன். தலையோடுதான். பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவள் நான்.

மிஸஸ் கா. இதற்குள் கூடாரம் எங்கே, கேக் மேசை எங்கே என்று காலால் மணலில் கோடு போட்டுவிட்டார். தோட்டத்து ஆடுகள் அன்றைக்கு வேறெங்காவது இருக்க முடியுமா என்று கேட்டார். பூக்களைத் தின்னுமாம்.

20 மார்ச், ஞாயிறு

துபாயில் சத்வா தையற்கடை. மிஸஸ் கா. தன் அம்மா போட்ட முக்காட்டைக் கொண்டுவந்திருக்கிறார். தும்பைப்பூ மாதிரி வெள்ளை லேஸ். மடிப்பு மடிப்பாகப் பிரித்துக் காட்டினார். மேய் லான் என்னைப் பார்த்து மெல்ல, "எங்க ஊர்ல செத்த வூட்டுக்குத்தான்க்கா இந்தக் கலரு."

என்ன சொல்கிறாள் என்று மிஸஸ் கா. கேட்டார்.

ரொம்ப அழகாக இருக்கிறதாம், என்றேன்.

டைலர் மாஸ்டரும் சும்மா இருக்கவில்லை. "ஷாதி மே லால், பெஹன்ஜி. சஃபேத் தோ கஃபன்." கல்யாணத்துக்குச் சிவப்புதானாம், வெள்ளை பிணத்துக்குப் போர்த்துகிற துணியாம். நல்லவேளை, அது மிஸஸ் கா.வுக்குப் புரியாது. கடைசியில் மேய் லானே வழி சொன்னாள்: கவுன் வெள்ளை, உள்துணி சிவப்பு, வெளியே தெரியாது. பாதிரியாருக்கு முன்னால் அது, பிறகு டீ கொடுக்கும்போது முழுச் சிவப்பு. இரண்டு உடுப்பு, ஐந்து நாளில். "குல்லு தமாம்", எல்லாம் சரியாகிவிடும், என்றார் மாஸ்டர். அவர் அப்படிச் சொன்னால் பெருநாள் வரை இழுக்கும். புதனன்று நான் வந்து நிற்க வேண்டும்.

இவர் ஒரு டிரங்குப்பெட்டி வாங்கி வந்திருக்கிறார். கூடத்தில், நடக்கிற வழியில். இரண்டு தடவை முழங்காலில் இடித்துக்கொண்டேன்.

22 மார்ச், செவ்வாய்

டீ ஒத்திகை, எங்கள் வீட்டில். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டியிட்டுப் பெரியவர்களுக்கு டீ கொடுக்க வேண்டும். பெண் பக்கத்துக்கு நாங்கள் இருவர். அவள் ஊரில் டீயில் போடும் சிவப்பு இலந்தை இங்கே கிடையாது. பேரீச்சம்பழத்தை நறுக்கிப் போட்டாள். மிஸஸ் கா. பால் எங்கே என்றார். பால் கூடாது என்றதும், சரி, சர்க்கரையாவது? அதற்குத்தான் பழம். ஒரு வாய் குடித்து, "வித்தியாசமாக இருக்கிறது" என்று கோப்பையைத் தள்ளி வைத்தார். மகன் தன் முன்னால் மண்டியிடக் கூடாதாம். ராணியின் முன்னால்தான் மண்டியிடுவார்களாம், அதுவும் ஒரு முழங்கால். முடிவு: ஆலன் ஒரு முழங்கால், மேய் லான் இரண்டு. இதைப் பேசி முடிக்க ஒரு சாயங்காலம்.

கிளம்பும்போது மேய் லான்: "இன்னொன்னுக்கா. பொண்ணுக்குத் தலை வாரிவிட ஒரு அம்மா வேணும். நல்ல விதிக்காரியா இருக்கணும். புருஷன் இருக்கணும், பையன் ஒண்ணு பொண்ணு ஒண்ணு இருக்கணும். நீங்கதான் வாரணும்."

நான் வாய் திறப்பதற்குள் பேப்பருக்குப் பின்னாலிருந்து இவர்: "தாராளமா செய்வா. அவளைவிட அதிர்ஷ்டக்காரி யாரு?"

24 மார்ச், வியாழன்

அரைநாள் பள்ளி. லேசான தூறல். பிரின்சிபால் வராந்தாவில் பிடித்தார். சனிக்கிழமையன்று பேப்பருக்கு விளம்பரம் அனுப்புகிறாராம், கணக்கு டீச்சர் தேவை என்று. "உங்களுக்கு மாற்று கிடைப்பது கஷ்டம்." இவ்வளவு வருடத்தில் எனக்கு யாரும் சொல்லாத வாக்கியம். பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு ஒரு ஸ்டாப் தாண்டி இறங்கினேன்.

இவருக்குப் போகத்தான் வேண்டும். தொழில்பேட்டை ஸ்டோர்ஸில் தகரக் கூரைக்குக் கீழே எட்டு வருடம். பிரஷர் மாத்திரை. அது எனக்குத் தெரியாததல்ல. எனக்கு ஏன் போக வேண்டும்? மகன் கோவையில், மகள் ஹாஸ்டலில். தில்லைநகர் வீட்டில் நானும் இவரும் இவர் தம்பி குடும்பமும். "அங்க வந்து நீ ரெஸ்ட் எடு" என்கிறார். நாற்பத்து நான்கு வயதில் எதிலிருந்து ரெஸ்ட்?

ஏலியம்மா டீச்சரிடம், சும்மா கேட்பதுபோல், பள்ளிக்கூட மாடியில் அவர் தங்கும் அறை பற்றிக் கேட்டேன். கூட இருந்தவள் கல்யாணமாகிப் போனதில் ஒரு கட்டில் காலியாம். "எந்தா, ஆர்க்கெங்கிலும் வேணோ?" தெரிந்த ஒருவருக்கு, என்றேன். என் விசா பள்ளிக்கூடத்து விசா. இவர் போனாலும் அது போகாது. வந்ததிலிருந்து இதை நான் யோசித்ததே இல்லை.

சிவப்பு உடுப்பு வந்துவிட்டது. வெள்ளையில் ஒரு கை இன்னும் பாக்கி.

25 மார்ச், வெள்ளி

விடியும் முன் தைத். தலை வாருவதை முந்தின ராத்திரியே செய்ய வேண்டுமாம், ஆனால் மேய் லானுக்கு டூட்டி. அதனால் காலையில், தோட்டத்துச் சின்ன அறையில். மிஸஸ் கா.வும் வந்து உட்கார்ந்தார். கணவரைப் பிரிந்து பத்து வருடமாம், நேற்றுத்தான் தெரியும். "இந்தப் பரீட்சையில் நான் பாஸாக மாட்டேன், இல்லையா?" என்று சிரித்தார். தனியாக இருப்பது கஷ்டமா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மார்ச் மாதம் மட்டும், என்றார். அப்போதுதான் அவர் வீட்டுத் தோட்டத்தில் செடி நடுவாராம், குழி வெட்ட ஆள் கிடைப்பதில்லையாம்.

சீப்பை எடுத்தேன். கூடவே வாய்விட்டு வாழ்த்தும் சொல்ல வேண்டும். அவள் பாஷை என் நாக்கில் வரவில்லை. தமிழிலேயே சொல்லுங்கள் என்றாள். முதல் தடவை, கடைசிவரைக்கும் என்று. அது சொன்னேன். இரண்டாம் தடவை, தலை நரைக்கும்வரை ஒன்றாக இருங்கள் என்று. சீப்பு பாதியில் நின்றுவிட்டது.

"என்னக்கா, சிக்கா?"

"நீ நினைக்கிற மாதிரி நான் அப்படி ஒண்ணும் நல்ல விதிக்காரி இல்லடி. வேற யாரையாவது..."

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "அண்ணன் உயிரோட இருக்காருல்ல? புள்ளைங்க ரெண்டும் இருக்குல்ல? போதும். சந்தோசமா இருக்காங்களான்னு எங்க பழக்கத்துல யாரும் கேக்கறதில்லக்கா. வாருங்க, நேரமாச்சு."

வாரி முடித்தேன். மூன்றாவது, பிள்ளைகுட்டிகள் வீடு நிறைய என்று. அதில் தடையில்லை.

மற்றதெல்லாம் ஒருவழியாக. பாதிரியார் சுருக்கமாக முடித்தார். மேசைப்பூவில் பாதியை ஆடு தின்றது. இன்னொரு ஆடு தலையோடு தட்டில் வந்து உட்கார்ந்திருந்தது, கொம்பில் சிவப்புத் தாள். அந்தப் பக்கமே நான் திரும்பவில்லை. முக்காட்டில் மேய் லான் நிஜமாகவே அழகு. டீயில் யாருக்கும் தெரியாமல் மிஸஸ் கா. சர்க்கரை போட்டுக்கொண்டார். பார்த்தேன்.

அதற்குப் பிறகு வெள்ளைக்காரர் வழக்கப்படி பெண்ணின் தகப்பன் பேச வேண்டும். தகப்பன் இடத்தில் இவர். எழுதி வைத்திருக்கிறார், எனக்குத் தெரியாது. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். நல்ல இங்கிலீஷ். நடுவில் மாப்பிள்ளைக்குப் புத்திமதி: "இருபத்திரண்டு வருடத்தில் என் மனைவியைக் கேட்காமல் ஒரு முடிவும் நான் எடுத்ததில்லை." கைதட்டல். "மே மாதம் நாங்கள் இருவரும் ஊர் திரும்பப்போகிறோம். அதையும் சேர்ந்தே முடிவு செய்தோம்." இன்னும் பலத்த கைதட்டல். யாரோ என் கையில் ஆரஞ்சு ஜூஸைக் கொடுத்துக் கிளாஸை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினேன்.

வரிசையாக வந்து எனக்கு விடை கொடுத்தார்கள். கல்யாணப் பெண்ணைவிட எனக்குத்தான் கூட்டம். மேய் லான் சிவப்பு உடுப்பில் ஓடி வந்து, "ஊருக்குப் போறீங்களா? எங்கிட்ட சொல்லவே இல்லயேக்கா."

"எங்கிட்டயும் யாரும் சொல்லல."

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையை ஒருமுறை அழுத்தினாள். கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

திரும்பும்போது காரில்:

"எப்படிப் பேசினேன்?"

"நல்லா பேசினீங்க. என்னைக் கேக்காம எதுவும் முடிவு பண்ணினதில்லன்னு சொன்னீங்களே."

"மேடைன்னா அப்படித்தானம்மா சொல்லணும். அதைப் போயி பெரிசு பண்ணாத."

கொஞ்ச தூரத்தில் குறட்டை. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, ரேடியோ சத்தத்தைக் குறைத்தான்.

26 மார்ச், சனி

வெளிச்சம் இப்போதுதான். காற்றில்லை. இன்று புழுங்கும். இவருக்கு இட்லி எடுத்து வைத்தாகிவிட்டது, மாத்திரை பக்கத்தில். இவர் இன்னும் எழவில்லை.

நேற்று படுத்தது முதல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்திருந்தால் சண்டை போட்டு, அழுது, கடைசியில் பெட்டி கட்டியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

முதல் பஸ்ஸில் போகிறேன். விளம்பரம் பேப்பருக்குப் போகும் முன் பிரின்சிபாலைப் பார்த்துவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன், எங்கேயும் போகவில்லை என்று. ஏலியம்மா அறையில் அந்தக் கட்டிலையும் கேட்டுவிட வேண்டும். அப்புறம் பிள்ளைகள் இருவருக்கும் எழுத வேண்டும். கீழே மளிகைக்கடையிலும் ஒரு வார்த்தை.

இவருக்கு அதற்குப் பிறகு. நல்ல மூடில் இருக்கும்போது.