திரிஷாவின் புது டாக்டர்

சுருளிப்பட்டி
3.8.2025

மாமாவுக்கு ஹேமாவதி எழுதுவது.

நானும் நம் மகளும் இருக்கிறோம். நீங்கள் கோபித்துக்கொண்டு மலையேறி வருஷமாகப் போகிறது. போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை. அதனால்தான் எழுதி, வண்டன்மேட்டுக்கு ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் வரும் பாண்டியம்மாளிடம் கொடுத்துவிடுகிறேன்.

திரிஷாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ஜெபமணி டாக்டர் குழந்தை டாக்டராம், இனி வலிப்புக்குப் பெரியவர்களைப் பார்க்கும் நரம்பு டாக்டரிடம் போக வேண்டுமாம். "பிள்ளை பெருசாயிருச்சும்மா, இனி நான் பாக்குறது அவளுக்கே நல்லதில்ல" என்கிறார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. கைக்குழந்தையிலிருந்து பார்த்தவர். தன் பெயரைச் சொல்லவே யோசிக்கிற பிள்ளையை நான் யாரிடம் கொண்டுபோவேன்?

போன வாரம் தேனியில் அந்தப் புது இடத்துக்குப் போனோம். சுவரில் பொம்மை கிடையாது, எடை பார்த்ததும் மிட்டாய் தருகிற நர்ஸ் கிடையாது. ஒரே கூட்டம், டோக்கன் கூப்பிடுகிற சத்தம். திரிஷா காதைப் பொத்திக்கொண்டு கத்திவிட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டோம். மாத்திரை இந்த மாதத்துக்குத்தான் இருக்கிறது. வலிப்பும் அடிக்கடி வருகிறது. ஒரு தடவை வந்து துணைக்கு நில்லுங்கள்.

ஹேமாவதி

வண்டன்மேடு
9.8.2025

அன்புள்ள ஹேமாவதிக்கு,

கடிதம் கிடைத்தது. ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்துகிற சமயம், முதலாளி விடமாட்டார். ஆனாலும் வருகிற சனிக்கிழமை வந்துவிடுவேன். ஜெபமணி டாக்டரிடம் நானே பேசுகிறேன். கெஞ்சினால் மறுக்கிற மனிதர் இல்லை. வயது பதினாறு என்று போட்டுக்கொள்ளட்டும், யார் கேட்கப் போகிறார்கள்? இரட்டைச் சடை போட்டு கவுன் மாட்டிவிட்டால் அவளைப் பதிமூன்று என்றுகூட மதிக்க முடியாது.

அதுவரை எங்கும் போகாதே. புது டாக்டர் ஆயிரத்தெட்டு கேள்வி கேட்பார். அவள் பெரியமனுஷி ஆனதை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே. சடங்கு ஏன் சுற்றவில்லை என்று என் அக்கா முதல் ஊர் வரை கேட்கும். அதுகூடப் பரவாயில்லை. விவரம் தெரியாத பிள்ளை, தெரிந்தால் எவன் கண் எப்படிப் படுமோ என்கிற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

அவளுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

விஜய்ராஜ்

சுருளிப்பட்டி
14.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கோபப்படாமல் படியுங்கள். சனிக்கிழமை வரை என்னால் பொறுக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை அவளுக்கு அடுத்தடுத்து வலிப்பு வந்தது. மறுநாளே தேனிக்குக் கூட்டிப்போய்விட்டேன். கவுன் மாட்டத்தான் பார்த்தேன். "சுடிதாருதான்" என்று ஒரே பிடிவாதம்.

சுபாஸ்ரீ என்று ஒரு பெண் டாக்டர். நர்ஸிடம் சொல்லிவைத்ததில், கூட்டம் கலைந்த பிறகு கூப்பிட்டார்கள். "வலிப்பு எப்பப்ப வருது?" என்று திரிஷாவைப் பார்த்துக் கேட்டார். வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன். "இருங்கம்மா, அவளே சொல்லட்டும்" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் நம் பிள்ளை சொன்னாள்: "பேடு வைக்கிறப்ப வருது. மாசமாசம். அப்பா சொல்லக்கூடாதுன்னாக."

எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. டாக்டர் முகம் சுளிக்கவில்லை. சில பெண்களுக்கு அந்த நாட்களில் வலிப்பு கூடுமாம், தெரிந்தால்தான் மருந்தை அதற்கேற்ப மாற்ற முடியுமாம். ஜெபமணி டாக்டருக்கு நாம் இதைச் சொன்னதே இல்லையே, மாமா. உங்கள் பயம் எனக்கும் உண்டு. அதற்காக அவளைக் குழந்தையாகவே வைத்திருந்தால் வலிப்பை யார் தாங்குவது? அவள்தானே தாங்கினாள்.

அடுத்த மாதம் திரும்ப வரச் சொன்னார். பஸ்ஸில் கேட்டேன், "அடுத்த தடவ அப்பாவும் வரட்டுமா ஆத்தா?" சின்னமனூர் தாண்டித்தான் பதில் வந்தது. "வரட்டும். நீங்க ரெண்டு பேரும் வெளிய உக்காந்திருங்க. நான் பேசிக்கிருவேன்."

சனிக்கிழமை வாருங்கள். ஜெபமணி டாக்டரிடம் கெஞ்சுவதற்கு இல்லை. அடுத்த மாதம் உள்ளே அவள் பேசி முடிக்கிற வரை என்னால் அந்த பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாது.

உங்கள்
ஹேமாவதி