கயிற்றுத் தெருச் சுவர்களில் சுண்ணாம்பு படலாகாது

நீர் வற்றாதிருக்க, நெல் குன்றாதிருக்க, நெறி பிழையாதிருக்க.

ஏழு துறைக்கும் உடையவளும், இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தோணியூர் அரியணையில் வீற்றிருப்பவளும், வேங்கை இலச்சினை பொறிக்கும் உரிமை பூண்டவளுமாகிய அவனிநங்கைப் பெருந்தேவி, எல்லைப்புறத்துப் புன்னைச்சோலைப் பாசறையிலிருந்து, தோணியூர் நகரத் தலைவரும் நான்கு கோட்டை வாயில்களின் திறவுகோலை உடையவருமாகிய காரிக்கண்ணனாருக்கு விடுக்கும் ஓலை. உம் குடியும் உம் காவலில் உள்ள நகரும் நலம் பெறுக. உம் மனையாளின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறோம். விரித்துக் கேட்க இப்போது பொழுதில்லை.

இவ்வோலை கைக்கு வந்ததும் எழுந்து நிற்க. உண்டுகொண்டிருந்தால் கை கழுவுக. மீதியை நடந்துகொண்டே படிக்க.

அண்டை நாட்டுத் தூதர் வரும் வழி தூய்மையாக விளங்க வேண்டுமென்று, கயிறு திரிப்போர் தெருவில் அவரவர் சுவரில் உள்ள படங்களை அவரவரே சுண்ணாம்பு பூசி மறைக்க வேண்டும் என்றும், மறைக்காதவர் வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குள் நகர் நீங்க வேண்டும் என்றும் ஆணையிட்டோம். அவ்வாணையை நீர் அணுவளவும் பிசகாமல் நிறைவேற்றுவீர். உம்முடைய அந்தக் குணந்தான் இப்போது நம்மை ஓரிடத்தில் அமரவிடாமல் வதைக்கிறது. இன்று வியாழன்.

காலையில் தூதரை எல்லையில் எதிர்கொள்ளப் புறப்பட்டு நம் பல்லக்கு அத்தெரு வழியே வந்தபோது, குறுக்கே முறுக்கேறிக் கிடந்த கயிற்றை அவிழ்க்கும்வரை நிற்க நேர்ந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாகத் திரைபோட்டே அத்தெருவைக் கடந்திருக்கிறோம். மறைக்கச் சொன்ன படங்களை ஒருநாளும் கண்டதில்லை. இன்று திரையில் ஒரு விரல் இடைவெளி வைத்தோம். குடை பிடித்த நண்டு. குடத்துக்குள் இறங்கிக் குளிக்கும் யானை. ஆட்டுத்தாடி வைத்த நிலா. செம்மண்ணும் கரியும் மஞ்சளும் தவிர அவற்றில் வேறெதுவும் இல்லை. மோர்க்காரி ஒருத்தி பானையைத் தலையிலிருந்து இறக்காமலே நின்று, “வெயிலு ஏறுமுன்னயே குடைய விரிச்சுட்டியா நீ?” என்று நண்டைக் கேட்டுவிட்டு, தானே சிரித்துக்கொண்டு போனாள். சந்தைக்கு அது சுற்றுவழி என்று நம் பல்லக்குக்காரர் சொன்னார்கள்.

அப்போதுதான் உம் வீரன் சுண்ணாம்புப் பானையோடு கோடன் என்னும் கயிறு திரிப்பவனின் வாசலில் நின்றான். கோடனின் சுவரில் குடுமி வைத்த பெருச்சாளி ஒன்று கயிறு திரித்துக்கொண்டிருந்தது. முகம் அப்படியே கோடனின் முகம். கேட்டதைக் கேட்டபடியே எழுதுவிக்கிறோம். நடை கெடுகிறதென்று எழுத்தர் முகம் சுளிக்கிறார், சுளிக்கட்டும்.

“உன் மூஞ்சியத்தானேய்யா பெருச்சாளியாப் போட்டிருக்கு? ரெண்டு இழுப்பு இழுத்தா முடிஞ்சுது. பூசிட்டு நிம்மதியா இரேன்.”

“சுவரு என்னுது. படம் எதிர்வீட்டுக்காரியோடது.”

“உன் சுவத்துல அவளுக்கு என்ன வேலை?”

“நீ எந்த ஊருப்பா? என் வெளிச்சுவர நானா பாக்கறேன்? கதவத் தொறந்தா அவதான் பாக்கறா. பாக்கறவ போட்டுக்கறா. அவ சுவத்துல நான் போட்டிருக்கேன், திரும்பிப் பாரு.”

வீரன் திரும்பினான். எதிர்ச்சுவரில் மூக்குத்தி போட்ட கோழி ஒன்று அலகைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தது. அவன் சிரிப்பை அடக்குமுன் அவ்வீட்டு வெள்ளைச்சியே வெளியில் வந்துவிட்டாள். ஒரு பலாமரத்துக்காக இருவருக்கும் ஆறு ஆண்டுகளாகப் பேச்சில்லையாம். ஆகவே வீரனிடம் சொன்னாள்.

“அந்த ஆளுகிட்டச் சொல்லுங்க. பூசிட்டு இருக்கச் சொல்லுங்க. நாளைக்கே வேற போடுவேன், இதவிடக் கேவலமா.”

“அந்தம்மாகிட்டச் சொல்லுங்க,” என்றான் கோடன். “அடுத்தவ படத்த அழிச்சவன்னு பேரு வாங்கிட்டு இந்தத் தெருவுல நான் எப்படிக் கயிறு திரிப்பேன்? நாப்பது வீட்டுலயும் கேட்டுப் பாருங்க, எவனும் பூச மாட்டான். நான் மூட்ட கட்டறேன்.”

வெள்ளைச்சி வீரன் கையிலிருந்த சுண்ணாம்புப் பானையைப் பிடித்து இழுத்தாள். “குடுய்யா, நானே பூசறேன். நான் போட்டது, நானே அழிக்கறேன். அந்த ஆளு இங்கயே கெடக்கட்டும்.”

“அவரவர் சுவர அவரவர்னு ஆணைம்மா. உன்ன விட்டா என் தலை போயிடும்.”

காரிக்கண்ணனாரே, ‘அவரவர்’ என்ற அச்சொல் நாம் சொல்லச்சொல்ல எழுதப்பட்டது. சுவருக்கு உரியவன் ஒருவன், படத்துக்கு உரியவள் மற்றொருத்தி என்பது அத்தெருவில் குழந்தைக்கும் தெரியும். தெரியாதவர்கள் நாமும் நம் அவையும். கோடன் தன் கயிறு திரிக்கும் கருவியை மூட்டையில் கட்டத் தொடங்கியதைக் கண்டோம். ஒரு சொல் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் தன் ஆணையை அரசி தெருவில் நின்று மாற்றுவது அழகன்று என்று எண்ணி, பல்லக்கை நகர்த்தச் சொன்னோம். அந்த அழகை வைத்துக்கொண்டு இங்கே கூடாரத்தை நான்கு முறை சுற்றிவந்துவிட்டோம். தட்டில் வைத்த சோறு ஆறிவிட்டது.

ஆகவே அறிக. முன்னைய ஆணை நீக்கப்பட்டது. அத்தெருவில் ஒரு சுவரிலும் சுண்ணாம்பு படலாகாது. ஒரு குடியும் பெயரலாகாது. தூதர் அவ்வழியே வரட்டும், நண்டையும் யானையையும் பார்க்கட்டும். இவை யாருடைய கைவேலை என்று கேட்டால், பார்க்கிறவர்களுடையது என்று நாமே சொல்லிக்கொள்வோம்.

கோடன் உச்சிப்பொழுதுவரை பொறுத்திருக்க மாட்டான் என்று மனம் அடித்துக்கொள்கிறது. வெளியேறியிருந்தால் உடனே ஆள் விடுக. அரசி அழைக்கிறாள் என்றால் அவன் திரும்ப மாட்டான். திரும்பத் தேவையுமில்லை என்னும்படி நடந்துகொண்டோம். வெள்ளைச்சியை வண்டியில் ஏற்றி அனுப்புக. ஆறு ஆண்டுப் பேச்சு அவளிடம் சேர்ந்து கிடக்கிறது. அதில் கால்பங்கு போதும், ஊர் எல்லைக்குள் அவனை ஓட்டிவந்துவிடுவாள். பெருச்சாளியின் மேல் யாரேனும் ஏற்கெனவே பூசியிருந்தால், அவள் மீண்டும் வரைந்துகொள்ளட்டும். ஆனால் அவன் இல்லாத வீட்டுச் சுவரில் அவள் யாரை வரைவாள்?

அவன் வீட்டில் இருக்கிறான் என்று உம் மறுமொழி வரும்வரை நாம் இப்பாசறையை விட்டு அகலோம். தூதர் காத்திருக்கட்டும்.

வேங்கை இலச்சினை பொறித்தோம். அரக்கு உலரும்வரை பொறுக்கவில்லை. இலச்சினை சிதைந்து கண்டால் ஐயுற்று நிற்க வேண்டா. ஆணை நம்முடையதே. விரைக.