ஜாஸ்பரில் ஒரு கோடு

4-6-79, திங்கள்

இன்றும் கோடு. எமரித் தாளில் உரசும் வரைக்கும் கல் நன்றாகத்தான் வந்தது. கடைசி மெருகுக்குத் தோல் சக்கரத்தில் பச்சைப் பொடி போட்டுப் பிடித்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஜாஸ்பர் கல்லின் சிவப்புக்கு நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கீறல். பல்புக்குக் கீழே சாய்த்தால் அதன் கம்பி கல்லில் அறுபடாமல் தெரிய வேண்டும். என் கல்லில் இரண்டாக அறுந்து தெரிகிறது.

பட்டறை மேஸ்திரி பரசுராமன் வாங்கிப் பார்த்தார். "இந்த மாசத்துக்குள்ள கோடு இல்லாம ஒண்ணு குடு கனகம். தோல் சக்கரம் உனுக்குத்தான்" என்றார். நான்கு வருடம் கல்லைத் தேய்க்கும் கரடுச் சக்கரத்தில் ஈரத்தோடு உட்கார்ந்து விரல் வெடித்தது போதும். அந்த இடம் எனக்கு வேண்டும்.

6-6

மறுபடியும். அதே கோடு.

7-6, வியாழன்

கிளியம்மாள்தான். வேறு யார்? பக்கத்துக் கரடுச் சக்கரம் அவளுடையது. கையை உதறுகிறாள், அந்தச் சக்கரத்து மணல் என் தோல் சக்கரத்தில் விழுகிறது. ஒரு பொடி மணல் போதுமே! அவள் வேலையில் சுத்தம் ஏது? குச்சியில் கல்லை ஒட்டக்கூட அரக்கைக் கஞ்சத்தனமாக வைப்பாள். தினம் இரண்டு கல் கழன்று தொட்டியில் விழும், துழாவிக்கொண்டிருப்பாள். நான் கல்லின் விளிம்பு வரை அரக்கை ஏற்றி அணைத்து ஒட்டுவேன். ஒரு கல் விழுந்ததில்லை.

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன்.

8-6

கிளியம்மாளை வெளியே கல் கழுவ அனுப்பிவிட்டார். கூரை இல்லாத இடம். போகும்போது, "நான் இன்னா பண்ணேன் கனகம்?" என்றாள். நான் பொடி குழைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

11-6, திங்கள்

பக்கத்துச் சக்கரம் காலி. என் சக்கரத்துத் தோலும் புதுசு. அப்படியும் கோடு! எங்கிருந்துதான் வருகிறது?

கிளியம்மாள் வரவில்லை. சனிக்கிழமை வெயிலில் மயங்கி விழுந்தாளாம்.

12-6

கல்லைக் கழற்ற அரக்கைச் சூடு காட்டினேன். இளகியதை விரலில் உருட்டினால் — நறநற.

மணல் அரக்குக்குள் இருக்கிறது. கரடுச் சக்கரத்தில் கல்லோடு என் தடித்த அரக்கும் உரசி மணலைக் கவ்விக்கொள்கிறது. கல்லைக் கழுவினேன், கையைக் கழுவினேன். அரக்குக்குள் இருப்பது போகுமா? அதைத் தோல் சக்கரம் வரை கொண்டுபோனது நான். கிளியம்மாளின் அரக்கு கல்லுக்கு அடியிலேயே நின்றுவிடும், உரசவே உரசாது.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆனால் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? அரக்கைக் குறைத்து ஒட்டி நாளைக்கே ஒன்று முடித்துவிடலாம்.

13-6

முடித்துவிட்டேன். பல்பின் கம்பி முழுசாகத் தெரிந்தது. "சபாஷ்! அவ போனதும் சரியாப் பூட்ச்சு பாத்தியா?" என்றார் பரசுராமன்.

அடுத்த கல்லை எடுத்துக் குச்சியில் ஒட்ட ஆரம்பித்தேன். என்ன ஜென்மம் நான்?

14-6

சொல்லிவிட்டேன். மேஸ்திரி கண்ணெதிரே பழைய அரக்கை இளக்கி அவர் விரலிலேயே தேய்க்கக் கொடுத்தேன். "கல்லு வுழல, வுழலன்னு பெருமை பேசிகினு இருந்தியே" என்றார். தோல் சக்கரம் யாருக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் வல்லக்கோட்டை பஸ் பிடித்து கிளியம்மாள் வீட்டுக்குப் போனேன். எல்லாம் கேட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். "மேஸ்திரி கிட்ட போறதுக்கு வழி தெரிஞ்சுது. பக்கத்துல குந்திகினு இருந்த என்னாண்ட ஒரு வார்த்த கேக்கத் தெரிலயா?"

தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அவள் சமாதானம் சொல்லவில்லை.

25-6, திங்கள்

கிளியம்மாள் தோல் சக்கரத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் ஆகிறது. நான் கரடில். நான் உரசிய கல்தான் அவளிடம் போகிறது. குச்சியைச் சுற்றியுள்ள அரக்கை ஊசியால் சுரண்டி, பிரஷ் போட்டுக் கழுவித்தான் கொடுக்கிறேன்.

இன்று பதினோரு கல். பதினொன்றையும் வாங்கி, அரக்கின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்த பிறகுதான் சக்கரத்தில் வைத்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. பார்க்கட்டும்.